விபி6-இலிருந்து சி ஷார்ப்புக்கு: ஒரு மண்டிக் கணக்கு மென்பொருள் இடம் மாறிய கதை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டி. விவசாயி கொண்டுவரும் முருங்கை, தக்காளி, கத்தரி எல்லாவற்றையும் எடை போட்டு, விலை பேசி விற்று, கமிஷனும் இறக்குகூலியும் வண்டி வாடகையும் முன்பணமும் கழித்து, மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்காக 2003-இல் ஒருவர் விஷுவல் பேசிக் 6-இல் (விபி6) எழுதிக்கொடுத்த மென்பொருள், விண்டோஸ் 7 போட்ட பழைய கணினியில் அண்மைக்காலம் வரை ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். அதை சி ஷார்ப்புக்கு மாற்றித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இதில் கற்றுக்கொண்டதை விரிவாக எழுதிவைக்க நினைக்கிறேன். தமிழ்நாட்டில் அரிசி ஆலை, அச்சகம், நகைக்கடை, கூட்டுறவுச் சங்கம், கல்யாண மண்டபம் என்று எத்தனையோ இடங்களில் விபி6 மென்பொருள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டிய நாள் வரும்போது, மாற்றப்போகிறவருக்கு இது உதவட்டும்.

முதலில் ஒரு விஷயம். விபி6 மட்டமான கருவி என்று இன்றைய இளைஞர்கள் நினைத்தால் அது அநியாயம். ஆலன் கூப்பர் உருவாக்கிய வடிவத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, 1991-இல் விஷுவல் பேசிக்கை வெளியிட்டது. 1998-இல் ஆறாம் பதிப்பு வந்தது. திரையில் ஒரு பொத்தானை இழுத்து வைத்து, அதை இரண்டு முறை சொடுக்கினால் நிரல் எழுதும் இடம் திறக்கும். கணிப்பொறியியல் படிக்காதவர்கள்கூடத் தங்கள் ஊர்க் கடைக்குத் தாங்களே மென்பொருள் செய்ததற்கு அதுதான் காரணம். இந்த மண்டியின் நிரலை எழுதியவரும் வணிகவியல் படித்தவர். மண்டிக் கணக்கு தெரிந்தவர் எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

விபி6-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. ஆனால் அதில் எழுதிய மென்பொருள் ஓடுவதற்கான கோப்புகளை விண்டோஸ் 11 வரைக்கும் விட்டுவைத்திருக்கிறது. ஓடுகிற மென்பொருளை ஏன் தொட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மண்டி முதலாளியிடம் நானும் அதைத்தான் கேட்டேன்.

“ஓடுது தம்பி, இல்லேங்கல. ஆனா இப்ப எல்லாரும் சீட்ட வாட்ஸப்புல அனுப்பச் சொல்றாங்க. அனுப்புனா அவங்க போன்ல தமிழே வரமாட்டேங்குது. கொக்கி கொக்கியா என்னமோ வருது.”

அந்த ஒரு பதிலில் வேலை முழுவதும் அடங்கியிருந்தது. நிரலை மாற்றுவது பாதிதான், உள்ளே கிடக்கும் தமிழையும் மாற்ற வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த மொழிக்குப் போவது? பைத்தான் நல்ல மொழி, எனக்குப் பிடித்த மொழியும்கூட. உலாவியில் ஓடும்படி செய்யலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் சி ஷார்ப்பையும், அதில் விண்டோஸ் படிவங்கள் செய்ய உதவும் வின்ஃபார்ம்ஸையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பழைய நிரலின் உருவமும் அவற்றின் உருவமும் ஒட்டிப்போவதுதான். விபி6-இல் ஒரு படிவம், அதில் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் நிகழ்வுகள். வின்ஃபார்ம்ஸிலும் அதேதான். பழைய நிரலில் ஒரு பகுதி எங்கே இருக்கிறதோ, புதியதிலும் அதே இடத்தில் அதைத் தேடலாம். விபி டாட்நெட் இன்னும் நெருக்கம்தான். ஆனால் அந்த மொழியை இனி வளர்க்கும் திட்டமில்லை என்று 2020-இல் மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டது. இன்னும் இருபது ஆண்டு ஓட வேண்டிய மென்பொருளை அங்கே கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை.

உருவம் ஒட்ட வேண்டும் என்பதைப் பெரிய இடத்திலும் பார்க்கலாம். டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். டைப்ஸ்கிரிப்ட் குழுவை வழிநடத்துபவர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் மூன்றிலும் அவர் கை இருக்கிறது. தான் வடிவமைத்த சி ஷார்ப்பை விட்டுவிட்டு அவர் கோ மொழியைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, பழைய நிரல் எழுதப்பட்டிருக்கும் பாணி கோ மொழியின் பாணிக்கு அருகில் இருக்கிறது என்பது. இருப்பதைக் கலைத்துப் புதிதாக எழுதப்போவதில்லை, இருப்பதையே அப்படியே எடுத்துச் செல்லப்போகிறோம் என்றும் தெளிவாகச் சொன்னார்கள். விஎஸ் கோட் மென்பொருளின் 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க முன்பு 77.8 விநாடி பிடித்தது, புதியதில் 7.5 விநாடி.

இதற்கு நேர்மாறான வழியில் போனது நெட்ஸ்கேப் உலாவி. 1998 இறுதியில் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தது. அதே புதிய நிரலில் மொசில்லா 1.0 வருவதற்குள் 2002 ஜூன் ஆகிவிட்டது. அதற்குள் சந்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கைக்குப் போய்விட்டது. பழைய நிரலைத் தூக்கிப் போடுவது பெரிய தவறு என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி இதை வைத்து 2000-இல் எழுதிய கட்டுரையை நிரலாளர்கள் இன்றும் வாதத்துக்கு எடுக்கிறார்கள். நான் அவர் கட்சி. பழைய நிரலைப் பார்த்ததும் “இதென்ன குப்பை, நான் புதுசா எழுதித் தர்றேன்” என்று சொல்லும் ஆளிடம் கடைக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குப்பைபோல் தெரியும் வரிகளில் பாதி, எப்போதோ ஒரு விவசாயி வந்து சண்டை போட்டதற்காகச் சேர்த்தது.

சரி, எண்களுக்கு வருவோம். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த பகுதி இதுதான்.

மண்டியில் விலையைப் பத்துக் கிலோவுக்குப் பேசுவார்கள். பழைய நிரலில் எடையைப் பத்தால் வகுத்து விலையால் பெருக்கும் வரி ஒன்று இருந்தது. 64 கிலோ, பத்துக் கிலோ 250 ரூபாய் என்றால் விபி6-இல் 6.4 பெருக்கல் 250, ஆக 1,600 ரூபாய். அதே வரியை சி ஷார்ப்பில் அப்படியே எழுதுங்கள். எடை முழு எண் வகையாக இருந்தால், முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது மிச்சத்தைத் தள்ளிவிட்டு 6 என்று வைத்துக்கொள்ளும். 1,500 ரூபாய்தான் வரும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, திரையிலும் பிழைச்செய்தி வராது. ஒரு சீட்டில் விவசாயிக்கு நூறு ரூபாய் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

வகைப் பெயர்களும் ஏமாற்றும். விபி6-இன் இன்டிஜர் 16 பிட், அதாவது 32,767 வரைதான் கொள்ளும். சி ஷார்ப்பின் இன்ட் 32 பிட். அங்கே லாங் 32 பிட், இங்கே 64 பிட். கணக்கில் இது பெரிய தொல்லை தராது, ஏனென்றால் பெரிய பாத்திரத்துக்குத்தான் போகிறோம். ஆனால் இந்த மண்டியின் முதல் சில ஆண்டுத் தரவு மட்டும் மற்றவைபோல் அக்சஸ் தரவுத்தளத்தில் இல்லை, ஒரே நீளப் பதிவுகளாக எழுதிய ஒரு கோப்பில் இருந்தது. அதைப் படிக்கும்போது ஒரே ஓர் எண்ணின் அகலம் தவறினாலும், அடுத்து வரும் பெயர், ஊர், தொகை எல்லாம் இரண்டு பைட் தள்ளி விழும்.

பில் எண் 32,000 தாண்டியதும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்படி நிரலில் ஒரு நிபந்தனை இருந்தது. காரணம் அந்த 16 பிட் வரம்பு. புதிய மொழியில் அது தேவையே இல்லை. இருந்தும் முதல் பதிப்பில் விட்டுவைத்தேன். பில் எண்ணை வைத்துத்தான் மண்டியின் கணக்கர் பழைய நோட்டைப் புரட்டுகிறார். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குத் தனியாக ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அரைக் கிலோ விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தராசு காட்டும் எடை தசம எண்ணாக வருகிறது. பழைய நிரல் அதை ஓர் இன்டிஜர் மாறியில் போடுகிறது. விபி6 அப்போது தானாகவே முழுமையாக்கும். எப்படி? சரியாகப் பாதியில் நின்றால், பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 62.5 கிலோ 62 ஆகும். 63.5 கிலோ 64 ஆகும். வங்கியாளர் முறை என்பார்கள். நிறைய எண்களைக் கூட்டும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது அதன் நோக்கம். சி ஷார்ப்பில் இன்ட் என்று அடைப்புக்குள் போட்டு மாற்றினால், முழுமையாக்காமல் தசமத்தை வெட்டிவிடும். 62.9 கிலோகூட 62 ஆகிவிடும். கன்வெர்ட் வகுப்பின் வழியாக மாற்றினால் விபி6 செய்ததைப் போலவே வங்கியாளர் முறையில் செய்யும். மாற்றித் தருபவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால், ஒவ்வொரு மூட்டையிலும் விவசாயிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரை போகலாம்.

பழைய விடை எப்படியோ அப்படியே வரும்படி முதலில் எழுதினேன். பிறகு முதலாளியிடம் போய், 62.5 என்றால் 62, 63.5 என்றால் 64 என்று இத்தனை வருடமாகக் கணக்கு போயிருக்கிறது என்று காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். “அரைக் கிலோன்னா சம்சாரிக்கே போகட்டும் தம்பி. மேல ஏத்திப் போட்ருங்க” என்றார். அதைத் தனிப் பதிப்பாக, தேதி குறித்து, புதிய பில்களுக்கு மட்டும் மாற்றிக்கொடுத்தேன். மாற்றித் தருபவர் தன் இஷ்டத்துக்குச் “சரி” செய்யக் கூடாது. கண்டதைச் சொல்ல வேண்டும், முடிவைக் கணக்குக்குச் சொந்தக்காரர் எடுக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை விபி6 எழுதியவர் நல்ல காரியம் செய்திருந்தார். எல்லாத் தொகையும் கரன்சி வகையில் இருந்தது. அது உள்ளுக்குள் பத்தாயிரத்தால் பெருக்கி வைத்த ஒரு 64 பிட் முழு எண். அதனால் நான்கு தசம இடம் வரை பைசா பிசகாது. சி ஷார்ப்பில் டெசிமல் வகை அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் தரவைச் சேமிக்க எஸ்கியூலைட்டை எடுத்துக்கொண்டேன், அதில் டெசிமல் வகை கிடையாது. தசம எண்ணாகப் போட்டால் அது மிதவைப் புள்ளி எண்ணாகத்தான் உட்காரும். ஆண்டு முடிவில் கூட்டும்போது பைசா ஒழுகும். ஆகவே எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாகச் சேமித்தேன். கடை மென்பொருள் எழுதும் எல்லாருக்கும் இதையே சொல்வேன்.

சின்னச் சின்ன வேறுபாடுகள் ஏராளம். விபி6-இல் உண்மை என்பதன் மதிப்பு மைனஸ் ஒன்று, அக்சஸிலும் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்குச் சமமா என்று கேட்டால் ஒரு பதிவுகூட வராது. தேதி 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணப்படும், எனவே காலியான தேதிகள் எல்லாம் அந்த நாளில் வந்து நிற்கும். துணை நிரலுக்குக் கொடுக்கும் மாறியை, வேறு ஏதும் சொல்லாவிட்டால், அந்தத் துணை நிரல் மாற்றவும் முடியும். முன்பணம் கழிக்கும் பகுதி இதை நம்பியே எழுதப்பட்டிருந்தது. சி ஷார்ப்பில் நகல்தான் போகும். எல்லா இடத்திலும் முதலில் ரெஃப் என்று போட்டுவிட்டு, தேவையில்லாத இடங்களில் பிறகு எடுத்தேன். மேலும், 13/02 என்று அடித்தாலும் 02/13 என்று அடித்தாலும் பிப்ரவரி 13 என்று விபி6 புரிந்துகொள்ளும். சி ஷார்ப் ஓடும் டாட்நெட் தளம் அப்படி விட்டுக்கொடுக்காது.

ஒரே ஓர் இடத்தில் பழையதை அப்படியே வைக்கக் கூடாது என்று நானே முடிவெடுத்து முதலாளியிடம் சொன்னேன். தராசிலிருந்து எடையைப் படிக்கும் பகுதியின் தலையில் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்ற வரி இருந்தது. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். தராசின் கேபிள் கழன்றிருந்தால் எடையைப் படிக்கும் வரி தோற்கும், மாறியில் முந்தைய மூட்டையின் எடை அப்படியே இருக்கும், அது இந்த மூட்டையின் எடையாகச் சீட்டில் ஏறும். புதியதில் தராசு பேசாவிட்டால் பெட்டி சிவப்பாகும், எடையைக் கையால் அடிக்காமல் மேலே போக முடியாது.

இனி தமிழ்.

2003-இல் ஒரு விபி6 மென்பொருளில் தமிழ் தெரிய வேண்டுமென்றால் எழுத்துருக் குறியாக்கம்தான் வழி. விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துரு வந்துவிட்டது, ஆனால் விபி6-இன் பெட்டிகளுக்கு யூனிகோட் தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டேப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. மண்டி மென்பொருளில் இருந்தது டேப். ஆங்கில எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள இடங்களில், ஐரோப்பிய மொழிகளின் தலைக்குறி போட்ட எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில், தமிழ் வடிவங்களை உட்கார வைத்த முறை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் முதலாளி சொன்ன கொக்கி.

இதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு பட்டியல் போட்டு ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது. டேப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். கொடுமுடி என்று எழுத, முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகு ஒகரக் குறி. கொம்பைப் பின்னால் தள்ளி, காலோடு சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். சேர்க்காமல் கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டால் திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. யூனிகோட் இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. ஆனால் உங்கள் நிரல் நார்மலைஸ் செய்தால்தான், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான், அந்தச் சமத்துவம் கைக்கு வரும்.

ஔகாரம் இன்னும் சிரமம். பழைய எழுத்துருக்களில் கௌ என்பதைக் கொம்பு, க, ள என்று மூன்று வடிவங்களாக அடிப்பார்கள். கெள என்பதற்கும் அதே மூன்றுதான். கௌசல்யா, சௌந்தரம், கௌதம் எல்லாம் தரவில் அப்படித்தான் இருந்தார்கள். எது ஔகாரம், எது உண்மையான ளகரம்? அடுத்து வருவதைப் பார்க்க வேண்டும். அந்த ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யாகவே ளகரம். வெள்ளைச்சாமி, தெளிவு, வெளியூர் எல்லாம் இதில் தப்பிவிடும். எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் ஔகாரம். இந்த விதியைப் போட்டு, அது தொட்ட பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, கணக்கரையே பார்க்கச் சொன்னேன். அந்த ஆட்களை அவருக்கு முகம் தெரியும். வேறு எந்த நிரலும் அவர் அளவுக்குச் சரிபார்த்திருக்காது.

இதைவிட ஆபத்தான ஒன்றையும் பார்த்தேன். அக்சஸ் தரவுத்தளம் பெயர்களை ஒப்பிடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். தலைக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளிலும் பெரியது சிறியது உண்டு. அந்த இடங்களில் வெவ்வேறு தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருந்தால், தரவுத்தளத்துக்கு அவை ஒரே எழுத்து. தேடலில் ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயர் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். யூனிகோடுக்குப் போனதும் இந்தத் தொல்லை அடியோடு போய்விடுகிறது.

அகர வரிசையும் அப்படித்தான். கொம்பு முன்னால் நின்றதால் செல்வமும் பெருமாளும் தெய்வானையும் ஒரே கூட்டத்தில் வருவார்கள். யூனிகோடில் கொம்பு பின்னால் போய்விட்டது. ஆனால் யூனிகோடின் எண் வரிசையும் நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும் இருக்கும், க் என்பது க-வுக்குப் பின்னால் போகும். வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தாமல், நெடுங்கணக்கு வரிசையை ஒரு பட்டியலாக எழுதி அதன்படி ஒப்பிட்டேன். கணக்கர் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, “இப்பத்தான் அகராதி மாதிரி இருக்கு” என்றார். எனக்கு அன்று வேறு கூலி தேவைப்படவில்லை.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று, மாற்றுபவர்களுக்காக. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டு இயல்பானதை எடுத்துக்கொண்டால் விண்டோஸின் பழைய 8 பிட் குறியாக்கம் கிடைக்கும். புதிய டாட்நெட்டில் யுடிஎஃப்-8 கிடைக்கும், டேப் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 1252 என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு முன் பழைய குறியாக்கத் தொகுப்பைப் பதிவு செய்ய வேண்டும். அக்சஸ் கோப்பைத் திறக்கும் ஜெட் 4.0 இயக்கி 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. தரவை எடுக்கும் கருவியை 32 பிட்டாகவே தனியாக எழுதுங்கள்.

தட்டச்சும் ஒரு பிரச்சினையாக வந்திருக்கும். கணக்கர் பழைய தமிழ்த் தட்டச்சு எந்திர அமைப்பில் பழகியவர், கொம்பை முதலில் அடிப்பவர். யூனிகோடுக்கு மாறியதற்காக அவர் விரல்கள் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சுக் கருவியில் பழைய தட்டச்சு அமைப்பு இருக்கிறது, கொம்பைத் தானே பின்னால் தள்ளிக்கொள்ளும். இலவசமாக இப்படிப்பட்ட கருவிகளைக் கொடுத்தவர்களுக்கும், இ-கலப்பையைச் செய்த தன்னார்வலர்களுக்கும் தமிழ்க் கணினி உலகம் கடன்பட்டிருக்கிறது.

அச்சு பற்றி நீட்டவில்லை. விபி6 அச்சு இடத்தை ட்விப் என்ற அளவில் சொல்லும், ஓர் அங்குலத்துக்கு 1,440. டாட்நெட்டில் இயல்பாக அங்குலத்துக்கு 100. 14.4-ஆல் வகுத்து, கட்டம் அச்சடித்த சீட்டில் பொருந்துகிறதா என்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, வேறொன்றுமில்லை.

மாற்றிய வரிசையைச் சொல்கிறேன். கணக்கு போடும் பகுதியை மட்டும் முதலில் சி ஷார்ப்பில் எழுதி, காம் என்ற விண்டோஸ் இணைப்பு முறை வழியாகப் பழைய விபி6 படிவத்திலிருந்தே அழைத்தேன். திரை பழையது, கணக்கு புதியது. ஃபிஷ் என்ற ஷெல் நிரலை சி பிளஸ் பிளஸிலிருந்து ரஸ்டுக்கு மாற்றியவர்களும் இப்படித்தான் 2023 தொடங்கிப் பகுதி பகுதியாக மாற்றினார்கள். இடையில் எந்த நாளும் நிரல் ஓடாமல் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் 4.0 வந்தது.

பிறகு, 2003 முதல் மண்டியில் போட்ட ஒவ்வொரு பில்லையும் புதிய நிரலுக்குள் செலுத்தி, பழைய விடையோடு பைசா பைசாவாக ஒப்பிட்டேன். இதைவிட நல்ல பரிசோதனையை யாரும் உட்கார்ந்து எழுத முடியாது. முரண்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, பலவற்றில் காரணம் நிரலே அல்ல. நடுவில் ஒரு வருடம் இறக்குகூலி ஏறியிருந்தது, ஒரு குறிப்பிட்ட சரக்குக்குக் கமிஷன் குறைத்திருந்தார்கள். கணக்கர் தேதியைக் கேட்டதுமே காரணம் சொன்னார். அவர் சொன்னதை எல்லாம் நிரலுக்குள் குறிப்பாக எழுதிவைத்திருக்கிறேன். அடுத்து மாற்றப்போகிறவருக்கு அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தால் ஒரு நாளில் மாற்றித் தராதா என்று கேட்கிறார்கள். ஒரு துணை நிரலைக் கொடுத்தால் சுத்தமான சி ஷார்ப் தருகிறது, நானும் பயன்படுத்தினேன். ஆனால் அரைக் கிலோவை யாருக்குக் கொடுப்பது, தராசு பேசாதபோது என்ன செய்வது, அந்தப் பட்டியலில் இருப்பது கௌசல்யாவா என்பதற்கெல்லாம் மண்டிக்குப் போய்த்தான் விடை வாங்க வேண்டியிருந்தது.

இப்போது சீட்டு தமிழிலேயே வாட்ஸப்பில் போகிறது.

உங்கள் கடையிலோ சங்கத்திலோ அச்சகத்திலோ விபி6 மென்பொருள் இருந்தால், மாற்றும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், இந்த மூன்றை மட்டும் செய்துவிடுங்கள். நிரலின் மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கின்றன என்று கண்டுபிடித்து ஒரு பிரதி வாங்கி வையுங்கள். தரவுத்தளக் கோப்போடு அது பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள், எழுத்துரு போனால் பெயர்களை மீட்பது மிகக் கடினம். கணக்கு எழுதும் பெரியவர் வேலையில் இருக்கும்போதே பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி அவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். நிரலை அதற்குப் பிறகு எந்த மொழிக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.